உயிர் சரிபார்ப்பு

“யாகப்பர் ஐயாவோட கதைக்கலாமோ?” என்று றிஸ்மினா கேட்டாள்.

“அவர் கடலுக்குப் போயிட்டார், பிள்ளை,” என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல். பின்னால் காற்று இரைந்தது.

“எப்ப வருவார்?”

“வருவார்.”

நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தாள். மறுநாளும் அதே குரல், அதே பதில். அடுத்த வாரமும் அப்படியே. மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்தால் இப்படித்தான். விடிய எடுத்தால் கடலில், பகலில் எடுத்தால் நித்திரையில். நிறைவாழ்வு முதலீட்டு ஓய்வூதிய நிறுவனத்தின் மன்னார்க் கிளையில் வாடிக்கையாளர் சேவைக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும், கோபித்துக்கொண்டு எழும்புகிறவர்களை மறுபடி கதிரையில் இருத்துவதும், வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியக்காரர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அவரவர் குரலிலேயே பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லவைத்துப் பதிவு செய்வதும் அவள் வேலை. அந்தக் கடைசி வேலைக்குக் கொழும்பில் ‘உயிர் சரிபார்ப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உப்புக்குளத்தில் ஒரு முதியவர் அவளுடைய அழைப்பு வந்ததும் “இன்னும் மௌத்தாகேல்ல மகள், எழுதிக்கொள்ளுங்கோ” என்று சிரிப்பார். பெரும்பாலும் அது சிரித்து முடிகிற வேலைதான்.

நாலாவது தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “அம்மா, அவர் கரைக்கு வாற நேரத்தச் சொன்னீங்களெண்டா நான் அந்த நேரம் பாத்து எடுப்பன். இதை முடிக்காட்டி அவருக்குத்தான் காசு நிக்கும்.”



“நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை போனவர், பிள்ளை,” என்றாள் அந்தப் பெண். “வாடைக்காத்து நேரம். போட்டைக் கண்டெடுத்தாச்சு. அவரை இன்னும் காணேல்ல.”

அந்த ஆண்டு இரண்டு பக்கத்து நோன்பும் ஒன்றாகவே வந்திருந்தது. கோயிலில் தவக்காலம் தொடங்கியிருந்தது, பள்ளிவாசலில் தராவீஹ் நடந்துகொண்டிருந்தது. றிஸ்மினா நோன்போடு இருந்தாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. நிறுவனம் சொல்லிக்கொடுத்த வசனத்தையே சொன்னாள்: உங்கள் நேரத்துக்கு நன்றி. வைத்த பிறகுதான் அதன் பொருள் அவளுக்கு உறைத்தது. திரையில் மூன்று பெட்டிகள் இருந்தன. உயிருடன் உள்ளார், காலமானார், தொடர்புகொள்ள முடியவில்லை. மூன்றாவதை அழுத்தினாள். அழுத்தினால் அடுத்த மாதத்திலிருந்து ஓய்வூதியம் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு பெட்டி இருக்கவில்லை.

யாகப்பரின் மனைவி பிரான்சிஸ்கா அடுத்த மாதம் கந்தோருக்கு வந்தாள். தாழ்வுபாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, குளிரூட்டியின் குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தாள். ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். கருவாடு காயப்போட்டுக் கறுத்த கைகள். நீலப்பூப் போட்ட சேலை கட்டியிருந்தாள், கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது. அழவில்லை. காசு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டாள். அந்தத் திட்டத்தில் யாகப்பர் சேர்ந்தது மகன் பிறந்த காலத்தில். கடல் கைவிட்டாலும் பிள்ளையிடம் கையேந்தக் கூடாது என்று மீன் பட்ட நாளெல்லாம் கட்டியவர். இப்போது அந்தக் காசில்தான் அடுப்பு எரிந்தது.

கிளை முகாமையாளர் அனோஜன் வவுனியாக்காரன். றிஸ்மினாவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிரான்சிஸ்காவுக்குத் தானே தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தான். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினான். ஆள் உயிரோடு இருந்தால் அவர் குரல் வேணும். இல்லையென்றால் மரண அத்தாட்சிப் பத்திரம் வேணும். அதைக் கொண்டுவந்தால் அவர் கணக்கில் மிச்சமுள்ளதெல்லாம் மனைவிக்கு வரும்.

“ரெண்டும் இல்லாட்டி?” என்றாள் பிரான்சிஸ்கா.

“ரெண்டில ஒண்டு இருக்கத்தானே வேணும், அம்மா.”

“எங்கட வீட்டில ரெண்டும் இல்ல, தம்பி.”

அதன் பிறகு அவள் திங்கள்தோறும் வந்தாள். வந்து, அதே கதிரையில் இருந்து, தன் முறை வந்ததும் ஏதும் முடிவு வந்ததா என்று கேட்டாள். றிஸ்மினா கொழும்புக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ‘உங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. அதே பதிலைத்தான் அவளும் மற்றவர்களுக்கு நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தாள். அது தனக்கே வந்தபோது அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் பிரான்சிஸ்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள். மகன் நிறோஜன் இன்னும் தேடுகிறான். நேவி தேடுதலை நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. தொழிலுக்குப் போகிற பெடியங்களும் கடல்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். மீனவர் சங்கத்திலிருந்து இந்தியத் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அக்கரையில் ஒதுங்கி ஏதாவது சிறையில் இருக்கலாம். முன்பும் அப்படி ஒருவர் இருந்துவிட்டு வந்தவர். “அவருக்கு நல்லா நீந்த ஏலும்,” என்றாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், றிஸ்மினாவிடம் சொல்லவில்லை.

பெருநாளும் உயிர்த்த ஞாயிறும் கழிந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தீராத பழைய முறைப்பாடுகள் உள்ள கிளைகளில் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்குவது பிற்போடப்படும். மன்னார்க் கிளையில் பழையது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அனோஜன் அதைத் திரையில் காட்டிவிட்டுப் போனான். றிஸ்மினா இன்னும் தற்காலிகம்தான். றிஸ்மினாவின் வாப்பா கடை முதலாளியிடம் நின்று நின்று முழங்கால் போய் இப்போது வீட்டில் இருக்கிறார். தங்கச்சிக்குப் படிப்பு இருக்கிறது. நிரந்தரமானால் வங்கியில் கடன் எடுத்து எருக்கலம்பிட்டி வீட்டுக்குக் கூரை போடலாம் என்று உம்மா மனதுக்குள் கூரையே போட்டு முடித்துவிட்டாள்.

அந்தத் திங்கள் பிரான்சிஸ்கா முன்னையதைவிட மெலிந்து வந்தாள். கடையில் இனிக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். றிஸ்மினா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இரக்கப்பட்டுத்தான் அப்படி வந்து இருந்தாள். ஆனால் இரக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்ததை அவள் அப்போதே அறிந்திருந்தாள்.

“அம்மா, ஒரு சத்தியக்கடதாசி முடிச்சா மரண அத்தாட்சி எடுக்கலாம். கிராம சேவகர் கடிதமும் பொலிஸ் அறிக்கையும் இருக்குத்தானே. நான் கூட வாறன்.”

“அவர் செத்தவர் எண்டு நான் சொல்லவேணுமோ?”

“சொல்லத் தேவையில்ல. கையெழுத்துத்தான். இது வெறும் கடதாசி, அம்மா. நீங்க மனசில என்ன நம்புறீங்க எண்டு அங்க ஒருத்தரும் கேக்கப் போறேல்ல.”

பிரான்சிஸ்கா அவள் முகத்தையே பார்த்தாள். இந்தப் பிள்ளை படித்தது, கந்தோரில் இருக்கிறது, பொய் சொல்ல இதற்கு என்ன தேவை என்று அவள் யோசிப்பதுபோல் இருந்தது.

சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கிற சமாதான நீதவான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் இருந்தார். மேசைவிசிறியின் காற்றில் கடதாசிகள் பறக்காமல் ஒரு சிப்பியை வைத்திருந்தார். சட்டப்படி வாசித்துக் காட்ட வேணும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ‘எனது கணவர் கடலில் இறந்துவிட்டார் என நான் உண்மையாகவும் பக்தியாகவும் நம்புகின்றேன்’ என்ற இடம் வந்ததும் பிரான்சிஸ்கா கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

“ஐயா, நம்பேல்ல எண்டு எழுதலாமோ?”

அவர் கண்ணாடிக்கு மேலால் றிஸ்மினாவைப் பார்த்தார். “அப்பிடி எழுதினா இது எதுக்கு?”

பேனை பிரான்சிஸ்காவின் விரல்களுக்குள் நின்றது. வெளியே கொண்டக்டர் பேசாலை, தலைமன்னார் என்று கத்திக்கொண்டிருந்தான். றிஸ்மினா குனிந்து, “போடுங்கோ அம்மா. ஒண்டும் மாறாது,” என்றாள். அந்த முழங்கையின் கீழ் தன் கையைக் கொடுத்து லேசாக முன்னுக்குத் தள்ளினாள். பிரான்சிஸ்கா கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை முழுதாக, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

ஒன்றும் மாறாது என்று சொன்னதெல்லாம் மாறியது. மரண அத்தாட்சி வந்த செய்தி அவள் பஸ்ஸால் இறங்குவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அதுவரை ‘ஏதும் தகவலோ’ என்று கேட்டவர்கள் இப்போது ‘மனசத் தேத்திக்கொள்ளுங்கோ’ என்றார்கள். பங்குத்தந்தை ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கக் கேட்டார்; வேண்டாமென்று சொல்ல அவளால் முடியவில்லை. பூசைக்கு யாரோ வாங்கிவந்த வெள்ளைச் சேலையைக் கட்டினாள், பிறகு அதை மாற்றினால் என்ன நினைப்பார்களோ என்று கட்டிக்கொண்டேயிருந்தாள். சங்கத்தில் யாகப்பரின் பெயரை வெட்டினார்கள். கடலுக்குப் போகிற பெடியங்கள் கண்ணை வலையில் மட்டும் வைத்தார்கள். நிறோஜன் பூசைக்கு வரவில்லை. ‘நீங்கள் அப்பாவை முடிச்சிட்டீங்கள்’ என்று ஒரே ஒரு வசனம் சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரையில் வலை வைக்கிற வாடிக்குப் போய்விட்டான்.

காசு வந்தது. முறைப்பாடு தீர்ந்தது. ஆனி மாதம் றிஸ்மினாவை நிரந்தரமாக்கிய கடிதமும் வந்தது. ‘சிக்கலான வாடிக்கையாளர் விடயமொன்றைப் பரிவுடன் கையாண்டமைக்கு’ என்று ஒரு பாராட்டும் அதில் இருந்தது. உம்மா ரெண்டு றக்காஅத் தொழுது, பக்கத்து வீடுகளுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள். றிஸ்மினா தன் பங்கைத் தங்கச்சியின் தட்டில் வைத்தாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் நிறோஜன் கந்தோருக்கு வந்தான். அவனை அவள் அதற்கு முன் கண்டதில்லை. கதிரையில் இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை. உப்பு வெடித்த உதடுகள், வெயிலில் செம்பட்டையான தலைமயிர். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கி அவள் முன்னால் வைத்தான். அக்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாடி வளர்ந்த ஒரு மனிதர் பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தார். கரையொதுங்கிய ஆள், பேச்சு இல்லை, பெயர் தெரியாது என்று அங்குள்ள மீனவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய படம் சுற்றி வந்திருந்தது.

“இது உங்கட அப்பாவோ?” என்றாள் றிஸ்மினா.

“தெரியாது. அம்மா காதைப் பாத்திட்டு அவர்தான் எண்டுறா. எனக்குத் தெரியாது.” தொலைபேசியை எடுத்துக்கொண்டான். “விசாரிச்சுச் சொல்லச் சொல்லிப் பொலிசுக்குப் போனன். அவையள் கொம்பியூட்டரில பாத்திட்டு, இவர் இறந்தவராப் பதிஞ்சிருக்கு, இறந்தவரை எப்பிடித் தம்பி தேடிறது எண்டு கேக்கினம்.”

அனோஜன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

“நீங்களோ அம்மாவுக்கு வெறும் கடதாசி எண்டு சொன்னது?”

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். சத்தம் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய வசனங்கள் அவளிடம் இருந்தன. “ஓம்,” என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த நாள் பிரான்சிஸ்கா வந்தாள். வெள்ளைச் சேலையில் முழங்கால் வரைக்கும் புழுதி. ஒரு துணிப்பையைக் கவுண்டரில் வைத்து, “செலவழிச்சது போக மிச்சம் எல்லாம் இருக்குது. குறையிறத கருவாடு வித்துத் தாறன்,” என்றாள். “அவரை மறுபடி உயிரோட போட்டுவிடு, பிள்ளை.”

றிஸ்மினா திரையைத் திறந்தாள். யாகப்பரின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் எங்கு அழுத்தினாலும் ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்தில் அவருடைய அடையாள அட்டைப் படம். அகன்ற நெற்றி, மழித்த முகம், படமெடுக்கிறவன் சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதர். காதைப் பார்த்தாள். காது யாருடைய காதாகவும் இருக்கலாம். கொழும்புக்கு எடுத்தாள். அவளைப்போலவே ஒருத்தி, அவளைப்போலவே இனிமையான குரலில், மூடிய கணக்கைத் திறக்க முறைமை இல்லை என்றாள். “இருந்தாலும் உங்கட கோரிக்கையைப் பதிவுசெய்யிறன், மிஸ். வேற ஏதும் உதவி வேணுமா?” வேறு உதவி ஒன்றும் வேண்டாம் என்று வைத்தாள். பிரான்சிஸ்கா பையை எடுக்காமல் போகப் பார்த்தாள். றிஸ்மினா அவள் பின்னால் ஓடிப்போய்ப் பையை அவள் கைக்குள் திணித்தாள். வெயிலில் இரண்டு பேரும் அந்தப் பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கடதாசி என்ன செய்யும் என்பது தெரியாத வீட்டில் அவள் பிறக்கவில்லை. போர்க்காலத்தில் மன்னாரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பத்துக்குப் புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள். இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் என்று நிரூபிக்க வாப்பா வருடக்கணக்காக ஒரு பழைய பிளாஸ்டிக் உறையைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவள். புத்தளத்தில் நீங்கள் மன்னார், மன்னாரில் நீங்கள் புத்தளம் என்று ஒரு கடதாசி இல்லாததால் இரண்டு இடத்திலும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். அப்படி இருந்தும் ‘வெறும் கடதாசி’ என்ற சொல் தன் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை அவள் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சட்டத்தரணியிடம் போனாள். மரணப் பதிவை நீதிமன்றத்தால் நீக்கலாம் என்றார் அவர். அந்தப் பெண் நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, நிறுவன ஊழியர் ஒருவர் தூண்டித்தான் போட்டார் என்று அந்த ஊழியரே சாட்சி சொன்னால் வழக்குக்குப் பலம். “உங்கட வேலை போகும், தெரியுந்தானே?” என்றார். தெரியும் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை உம்மாவிடம் சொல்லவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பின்னேரம் தாழ்வுபாட்டு பஸ்ஸில் ஏறினாள்.

கரையில் சோளகக் காற்று உரத்து வீசியது. மணல் பறந்து கணுக்காலில் குத்தியது. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. கடலுக்குப் போகக்கூடாத காற்று. படகுகளெல்லாம் மேலே ஏற்றப்பட்டுக் கிடந்தன. ஒன்று மட்டும் அலைக்குக் கிட்ட இறக்கப்பட்டிருந்தது. நிறோஜன் அதற்குள் எண்ணெய்க் கலன்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். வாடி நிழலில் சிலர் நின்றார்கள். இந்தக் காற்றில் அக்கரைக்கு ஆள் தள்ளிவிட மாட்டோம் என்று சொல்லிவிட்டு, போகாமலும் நின்றார்கள். பிரான்சிஸ்கா படகின் பின்பக்கத்தில் கைவைத்தபடி நின்றாள்.

றிஸ்மினா அவனுக்குக் கிட்டப் போய், காற்றுக்கு மேலால் கத்திச் சொன்னாள். வழக்குப் போடலாம், தான் சாட்சி எழுதிக் கொடுத்தாயிற்று, பதிவை நீக்கினால் முறைப்படி விசாரிப்பார்கள்.

“எப்ப?”

“மாதக்கணக்காகும் எண்டு சொன்னவர்.”

“அந்த ஆள் மாதக்கணக்காக் கட்டிலில கிடக்குமோ?” அவன் முடிச்சை இறுக்கினான். அவன் முகத்தில் இப்போது கோபம்கூட இல்லை. “அப்பா இல்லாட்டிப் பரவாயில்ல. இல்ல எண்டு பாத்திட்டு வந்தாப் போதும்.”

“கடல் எல்லைக்கோட்டைத் தாண்டினா இந்திய நேவிக்காரர் பிடிப்பினம்.”

“பிடிச்சா அக்கரைக்குத்தானே கொண்டுபோவினம்.”

அவன் தண்ணிக்குள் குதித்து முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தான். பிரான்சிஸ்கா பின்னால் நின்று தள்ளினாள். படகு அசையவில்லை. ஒரு அலை வந்து அதைத் தூக்கி, மறுபடி மணலிலேயே வைத்தது. வெள்ளைச் சேலை நனைந்து அவள் கால்களைச் சுற்றிக்கொண்டது. அவள் திரும்பி வாடிப்பக்கம் பார்த்தாள். அங்கே நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு றிஸ்மினாவைப் பார்த்தாள்.

போக விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும்போல் றிஸ்மினாவுக்கு இருந்தது. ஒருமுறை அவள் சொல்லி இந்தப் பெண் கேட்டிருக்கிறாள். எது சரி என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை, அன்றைக்கும் தெரிந்திருக்கவில்லை. கைப்பையை மணலில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அபாயாவை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதையும் விட்டுவிட்டு, படகின் மற்றப் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.

அடுத்த அலையில் படகு மிதந்தது. அது கைகளைவிட்டுப் போன வேகத்தில் அவள் முன்னுக்கு விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்றாள். எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. படகு முதல் திரையில் ஏறியபோது அடிப்பக்கம் முழுவதும் தெரிந்தது, பச்சை பெயின்ட் உரிந்து போய். பிறகு அது மறுபக்கம் இறங்கியது. பிரான்சிஸ்கா சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு இன்னொரு திரையில் ஏறித் தெரிந்தது, மறைந்தது. காற்று எஞ்சின் சத்தத்தைக் கொண்டுவருவதும் பறித்துக்கொண்டு போவதுமாக இருந்தது. கறுப்பு அபாயா தண்ணீரில் அவளைச் சுற்றி ஊதி விரிந்து கிடக்க, றிஸ்மினா இரண்டு உள்ளங்கைகளையும் முன்னுக்கு நீட்டியபடியே நின்றாள்.